அரசுக் கொள்முதலில் தேர்வும் பயிற்சியும்: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு காட்டும் நெறி

முன்னுரை

அரசு தனக்கு வேண்டும் பொருள்களைத் தானே செய்துகொள்வது சிறுபான்மை. பிறரிடம் விலைகொடுத்துப் பெறுவதே பெரும்பான்மை. படைக்கு உணவும் உடையும் படைக்கலமும், அலுவலகத்திற்குத் தாளும் மையும், ஆற்றிற்குப் பாலமும் என அரசு வாங்காத பொருள் இல்லை எனலாம். தன் பொருளைத் தான் செலவிடும் இல்லத்தான் எந்தக் கடையில் வாங்கினாலும் அவனைக் கேட்பார் இலர். பொதுப்பணத்தை ஆள்பவனோ, ‘இவனிடம் ஏன் வாங்கினாய்?’, ‘அவனிடம் ஏன் வாங்கவில்லை?’ என்னும் இரு வினாக்களுக்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டவன். அவ்வாறு விடையிறுக்கும் ஆற்றல் பதவியோடு தானே வருவதா, கற்பித்து வருவதா என்பது ஆராயத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் இவ்வினாவிற்கு விடை காண ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. அவ்வரலாற்றை நிரல்படக் கூறி, அதனாற் பெறப்படும் உண்மையைத் தெளிவுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாட்சி பற்றி ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். இத்துறையார் ஆங்கிலத்தில் வழங்கும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மூலத் தேர்வு’ என்றாகும். மூலம் என்னும் சொல் வேர், முதல், காரணம் எனப் பல பொருள்பட நிற்றலின், அப்பெயர்ப்பு மயக்கம் தரும். பொருளையோ பணியையோ வழங்குவார் பலருள் தக்காரைத் தெரிந்துகொள்ளுதலே அத்தொடரின் கருத்தாதலின், ‘வழங்குநர் தேர்வு’ என்னும் தொடரே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. மக்கள் ‘டெண்டர்’ என வழங்குவது ஒப்பந்தப் புள்ளி எனப்படும்.

1. தரகு முறையும் அதன் விளைவும்

1775-ஆம் ஆண்டில் பிரித்தானியரை எதிர்த்துப் போர் தொடங்கிய குடியேற்ற நாடுகளின் பேரவை, படைக்கு உணவு தேடித் தருதற்கு ஜோசப் டிரம்புல் என்பாரை அமர்த்தியது; ஊர்தி, கூடாரம் முதலியவற்றைத் தருதற்குத் தாமஸ் மிஃப்லின் என்பார் வாஷிங்டனால் அமர்த்தப்பட்டார். பொருள் வாங்குவோர் வாங்கும் பொருளின் மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு எனத் தரகு பெற்றனர். விலை ஏறினால் தரகும் ஏறும். ஆகவே விலையைக் குறைக்க வேண்டியவனுக்கே அதனை உயர்த்துவதில் ஊதியம் இருந்தது. இம்முறையின் குற்றம் இதனின் வேறு கூற வேண்டுவதில்லை.

குற்றத்தை உணர்ந்த பேரவை 1777-இல் உணவுத் துறையில் தரகை நீக்கி, நிலையான சம்பளமும் நுணுக்கமான கணக்கு விதிகளும் வகுத்தது. நோக்கம் நல்லதே, ஆயினும் அனுபவம் வாய்ந்த கொள்முதலாளர் பலர் பதவியை விட்டு நீங்கினர், டிரம்புலும் விலகினார். அவ்வாண்டு டிசம்பரில் வாஷிங்டனின் படை ஃபோர்ஜ் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கியபோது, உணவும் உடையும் காலணியும் இன்றி வாடியது. அத்தங்கலில் ஏறத்தாழ 2000 பேர், பெரும்பாலும் நோயினால், உயிரிழந்தனர். போக்குவரத்துக் குறையும் பணத்தின் மதிப்பு வீழ்ச்சியும் இதற்குக் காரணங்களாயினும், வாங்கத் தெரிந்தவர் இல்லாமையும் ஒரு காரணமே. 1778-இல் பேரவை தரகு முறையை மீண்டும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. விதி திருந்தியது, விதியை நடத்துவார் அமையவில்லை. இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்போகும் நிலையின் முதற்சான்று இஃதாகும்.

1781-இல் நிதிப் பொறுப்பை ஏற்ற இராபர்ட் மாரிஸ் என்னும் வணிகர், தரகரை விடுத்து, விளம்பரம் செய்து ஒப்பந்தப் புள்ளிகளைப் பெற்று, படைக்கு உணவளிக்கும் பொறுப்பை ஒப்பந்தக்காரரிடம் விட்டார். செலவு குறைந்தது. எனினும் 1782-இல் உரிய காலத்தில் பணம் கொடுக்க அரசால் இயலாமையின் அவ்வொப்பந்தங்கள் முறிந்தன. வாங்குவோன் தன் சொல்லைக் காப்பாற்றாவிடத்து நல்ல ஒப்பந்தமும் நில்லாது என்பது இதனாற் போதரும்.

2. ஆளைத் தேர்தல்

அரசியலமைப்பு ஏற்பட்டபின், 1792-இல் படைக்கு வேண்டும் கொள்முதல் கருவூலத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1795-இல் பொதுப் பொருள் கொள்முதலர் என்னும் தனிப் பதவி ஏற்படுத்தப்பட்டு, 1812 வரை நிலவியது. இப்பதவிக்கெனப் பயிற்சி எதுவும் இல்லை. வணிகத்தில் பழகியவர் என்பதே தகுதியாகக் கொள்ளப்பட்டது.

இக்காலத்துத் தேர்வு முறையை விளக்குதற்கு ஈலை விட்னி என்பாரின் ஒப்பந்தம் ஏற்றதொரு சான்று. பருத்தியினின்றும் கொட்டையைப் பிரிக்கும் பொறியைக் கண்டு புகழ்பெற்ற இவர், 1798-ஆம் ஆண்டு சூன் திங்களில் 10,000 துப்பாக்கிகளை 1,34,000 டாலருக்குச் செய்து தருவதாக ஒப்பந்தம் செய்தார். ஒரு துப்பாக்கியின் விலை 13 டாலர் 40 சென்ட். 1800-ஆம் ஆண்டு செப்டம்பருக்குள் அனைத்தையும் தருதல் வேண்டும் என்பது நிபந்தனை. அவர் அதற்குமுன் துப்பாக்கி செய்தவர் அல்லர். ஒப்பந்தத்தின்போது அதற்கேற்ற பட்டறையும் அவருக்கு இல்லை. முன்பணம் பெற்றே பட்டறை அமைத்தார். குறித்த நாளில் ஒரு துப்பாக்கியும் வரவில்லை. இறுதித் தொகுதி வந்தது 1809-இல். இரண்டாண்டுப் பணி பத்தாண்டைக் கடந்தது.

விட்னி ஏமாற்றுக்காரர் அல்லர், அறிவாளர். அவரைத் தேர்ந்தோர் அவர்தம் அறிவைக் கண்டனர்; ஆலையும் ஆளும் கருவியும் உளவோ, சொன்ன காலத்தில் முடிக்கவல்லரோ என்பவற்றைக் காணவில்லை. இக்காலக் கொள்முதல் விதிகள், ஒப்பந்தம் வழங்குமுன் வழங்குநரின் பணவளம், கருவிவளம், முன்னைச் செயல், நேர்மை ஆகியவற்றை ஆராய்ந்து அவர் பொறுப்பேற்கத் தக்கவரே எனத் துணிதல் வேண்டும் என்று விதித்தமைக்கு இத்தகைய பட்டறிவே அடிப்படை என்க.

1808-இல் பேரவை உறுப்பினர் அரசு ஒப்பந்தங்களில் பங்கு கொள்ளுதல் தடுக்கப்பட்டது. 1809-இல் அரசுக் கொள்முதல்கள் வெளிப்படையான வாங்குதலாகவோ, முன்விளம்பரம் செய்து புள்ளி பெறுதலாகவோ அமைதல் வேண்டும் என்று சட்டம் செய்யப்பட்டது. தேர்வோனின் விருப்பத்திற்குச் சட்டம் வேலி கோலத் தொடங்கியது இக்காலத்திலேயாம்.

3. ஆளை நம்பாது விதியை நம்புதல்

1861-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் செய்யப்பட்ட சட்டம் இவ்வேலியை வலுவாக்கியது. அவசர நிலையும் தனியாள் பணியும் நீங்கலாக, எல்லாக் கொள்முதலுக்கும் விளம்பரம் செய்து ஒப்பந்தப் புள்ளி பெறுதல் வேண்டும் என அது விதித்தது. அடுத்த திங்களிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. விதிவிலக்காக வைத்த அவசரமே விதியாயிற்று.

அப்போது நிகழ்ந்தவற்றுள் ஒன்று ஹால் துப்பாக்கி வழக்கு எனப்படும். படைக்குப் பயன்படா எனக் கருதிய 5000 துப்பாக்கிகளை அரசே ஒன்று 3 டாலர் 50 சென்ட் வீதம் தனியார் ஒருவருக்கு விற்றது. அவரிடமிருந்து 12 டாலர் 50 சென்ட் வீதம் மற்றொருவர் வாங்கி, மேற்குப் பகுதிப் படைத்தலைவரான ஃபிரிமாண்டிடம் 22 டாலர் வீதம் விற்றார். அரசின் ஒரு கை விற்றதை மற்றொரு கை ஆறு மடங்கிற்கு மேற்பட்ட விலை கொடுத்து வாங்கியது. துப்பாக்கி தேவைப்பட்டது உண்மை. படைத்தலைவர் அவசரத்தில் இருந்ததும் உண்மை. ஆனால் அதே பொருள் அரசின் கிடங்கில் இருந்து அண்மையில் வெளியேறியது என்பதை அறிய வழியோ, அறிதல் வேண்டும் என்னும் பழக்கமோ இல்லை.

கந்தல் நூலைப் பிசைந்து நெய்த துணியாலான உடை மழையில் நைந்தது போன்ற செய்திகள் மக்களைச் சினங்கொள்ளச் செய்தன. பேரவையின் கீழவை 1861-இல் ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. போர்த்துறை அமைச்சர் சைமன் கேமரன் 1862 சனவரியில் பதவி நீங்கினார். 1863-இல் பொய்க் கோரிக்கைச் சட்டம் நிறைவேறியது. 1861-இன் விளம்பர விதி பின்னர்த் தொகுக்கப்பட்ட சட்டத்தொகுதியில் 3709-ஆம் பிரிவாக இடம்பெற்று நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது.

இவ்விதியின் உட்கருத்து, வாங்குவோனைத் தேர்வோனாகக் கருதாது, புள்ளிகளைப் பிரித்துக் குறைந்த விலையைப் படிப்போனாகக் கருதுதல் ஆகும். படிப்பவனுக்கு எழுத்தறிவு போதும், பயிற்சி வேண்டுவதில்லை. ஆகவே கொள்முதலர்க்குக் கல்வி தேவை என்னும் எண்ணம் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் எழாமை வியப்பன்று.

4. விதியின் எல்லை

உப்பும் மாவும் போல அளந்து சொல்லத்தக்க பொருளுக்குக் குறைந்த விலை விதி பொருந்தும். இதுவரை ஒருவரும் விற்றிராத பொருளை வாங்கும்போது அஃது எவ்வாறு பயன்படும்? 1907-ஆம் ஆண்டு டிசம்பர் 23-இல் அமெரிக்கப் படையின் செய்தித் தொடர்புப் பிரிவு 486-ஆம் எண் விவரக்குறிப்பை வெளியிட்டு, பறக்கும் பொறி ஒன்றிற்குப் புள்ளிகளைக் கோரியது. இருவரைச் சுமந்து, மணிக்கு 40 மைல் விரைவில், 125 மைல் செல்லும் அளவு எரிபொருளுடன் அது பறத்தல் வேண்டும் எனக் குறிக்கப்பட்டது. நாற்பத்தொரு புள்ளிகள் வந்தன. அவற்றுள் மூன்று ஏற்கத்தக்கனவாயின. ஒருவர் 1000 டாலருக்கும், மற்றொருவர் 20,000 டாலருக்கும், ரைட் உடன்பிறந்தார் 25,000 டாலருக்கும் ஒப்புக்கொண்டிருந்தனர்.

ரைட் உடன்பிறந்தார் ஒருவரே முன்னரே பறந்து காட்டியவர் என்பதை அலுவலர் அறிவர். ஆயினும் விதிப்படி குறைந்த விலையாரை ஒதுக்க இயலாது. ஆகவே மூவரின் புள்ளியையும் ஏற்றுக்கொண்டனர். முதலாமவர் விலகிக்கொண்டார். இரண்டாமவர் தவணை நீட்டிப்புப் பெற்றும் ஏற்கத்தக்க பொறியைத் தரவில்லை. ரைட் உடன்பிறந்தாரின் பொறி 1908 செப்டம்பர் 17-இல் விழுந்து, உடன் பறந்த செல்ஃபிரிட்ஜ் என்னும் படை அலுவலர் இறந்தார். எனினும் ஒப்பந்தம் முறிக்கப்படவில்லை, காலம் நீட்டிக்கப்பட்டது. 1909-இல் புதிய பொறி 42 மைலுக்கு மேற்பட்ட விரைவில் பறந்தது. கூடுதல் விரைவிற்கு ஒப்பந்தத்தில் வைத்திருந்த ஊக்கத்தொகை 5000 டாலரும் சேர்ந்து, 30,000 டாலர் கொடுக்கப்பட்டது.

இதில் அலுவலர் மூன்று செயல்களைச் செய்தனர். பொருளின் உருவைக் கூறாது அதன் செயலை மட்டும் விவரித்தனர். விரைவு மிகுந்தால் ஊக்கமும் குறைந்தால் கழிவும் வைத்தனர். தோல்வியை ஏமாற்றினின்றும் பிரித்துணர்ந்து பொறுத்தனர். இவை எந்த விதியிலும் எழுதப்பெறாதவை. கூரிய அறிவின் பயன். விதி அவர்க்கு உதவவில்லை. விதியின் இடையே வழி கண்டது அவர்தம் தேர்ச்சியே. அத்தகையோர் வாய்க்காத இடத்து என்னாகும் என்னும் வினா எழுதல் இயல்பு.

5. முதற் கல்லூரியும் இரண்டாம் உலகப் போரும்

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரிற் புகுந்தபோது, படையின் பல பிரிவுகளும் ஒரே பொருளுக்கு ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையை உயர்த்தின. ஐரோப்பாவிற் போரிட்ட அமெரிக்கர் பயன்படுத்திய வானூர்திகளிலும் பீரங்கிகளிலும் பெரும்பாலானவை பிரெஞ்சு நாட்டினின்றும் பெற்றவை. பணமும் ஆலையும் இருந்தும், வாங்கும் அறிவு ஒழுங்குபடாமையின் விளைவு இது. 1920-இன் நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் கொள்முதலின் மேற்பார்வையைப் போர்த்துறை உதவியமைச்சரிடம் ஒப்படைத்தது. அதன் வழியே 1924-இல் படைத் தொழிற் கல்லூரி வாஷிங்டனில் தொடங்கப்பட்டது. நாட்டின் தொழில் வளத்தை அறிந்து போர்க்காலக் கொள்முதலைத் திட்டமிடப் படை அலுவலரைப் பயிற்றுதல் அதன் நோக்கம். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஐசனோவர் 1933-இல் அங்குப் பயின்று தேறினார். கொள்முதல் என்பது கற்பித்தற்குரிய கலை என்னும் கருத்து நிறுவன வடிவம் பெற்றமைக்கு இக்கல்லூரி முதன்மையான சான்றாகும்.

1941 டிசம்பரில் இயற்றிய போர் அதிகாரச் சட்டமும், 1942 மார்ச்சில் போர் உற்பத்தி வாரியம் பிறப்பித்த ஆணையும் முத்திரையிட்ட புள்ளி முறையை ஒதுக்கி, நேர்முகப் பேச்சின் வழியே ஒப்பந்தம் செய்யும் முறையை நிறுவின. விலையைப் படிப்பவனாக இருந்த அலுவலன் ஒரே நாளில் விலை பேசுவோனாக மாற வேண்டியதாயிற்று. போருக்குப் பின்னும் இந்நிலை முற்றும் மாறவில்லை. 1948 பிப்ரவரியில் ஒப்பம் பெற்ற, 1947-ஆம் ஆண்டின் படைத்துறைக் கொள்முதல் சட்டம், விளம்பரப் புள்ளியையே பொதுவிதி எனக் கூறி, பேச்சு முறைக்குப் பதினேழு விலக்குகளை அளித்தது. ஆனால் புதிய படைக்கலங்களுக்குச் செலவான பெரும்பணம் விலக்குகளின் வழியே சென்றது.

6. காரணம் எழுதாத் தேர்வு

பேச்சு முறையில் விலையோடு தரமும் ஒப்பிடப்படும். ஒப்பிடுவோர் கருத்து வேறுபடின் யார் கருத்து வெல்லும் என்பதை 1962-இன் போர் வானூர்தித் தேர்வு வினவச் செய்தது. வான்படைக்கும் கடற்படைக்கும் பொதுவான வானூர்தி ஒன்றிற்குப் போயிங் நிறுவனமும் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனமும் இறுதிவரை போட்டியிட்டன. நான்கு சுற்று மதிப்பீடு நடந்தது. படைத்துறைத் தேர்வு அவையம் போயிங்கைப் பரிந்துரைத்தது. பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா, இரு படைக்கும் உரிய பகுதிகள் மிகுதியும் ஒன்றாதல் வேண்டும் என்பதையும் செலவு மதிப்பின் நம்பகத்தையும் கருதி, நவம்பரில் ஜெனரல் டைனமிக்ஸைத் தேர்ந்தார். 1963-இல் மேலவை உறுப்பினர் மக்லெல்லன் தலைமையில் நெடிய விசாரணை நடந்தது. கடற்படைக்குரிய வடிவம் எடை மிகுந்து 1968-இல் கைவிடப்பட்டது.

அமைச்சருக்கு மாற்றிமுடிவு செய்யும் உரிமை இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் அத்துணைப் பெரிய முடிவிற்குரிய காரணங்களைக் கூறிய எழுத்துச் சான்று சில பக்க அளவினதே. பல்லாயிரம் பக்க மதிப்பீட்டை மறுப்போர், மறுத்தற்குரிய காரணத்தையும் அதனோடு ஒப்ப எடுத்துக்காட்டல் வேண்டும். அஃது இல்லாவிடத்து நேர்மையான முடிவும் ஐயத்திற்கு இடமாகும். தேர்வு முடிவர் தம் காரணங்களைத் தாமே ஆய்ந்து எழுதிவைத்தல் வேண்டும் என்னும் இக்கால விதியின் இன்றியமையாமை இவ்வழக்கினால் விளங்கும்.

7. பயிற்சி சட்டமாதல்

1969-இல் அரசுக் கொள்முதல் ஆணைக்குழு நிறுவப்பட்டு, 1972 டிசம்பரில் 149 பரிந்துரைகளுடன் தன் அறிக்கையை அளித்தது. கொள்முதற் கொள்கைக்குத் தனி அலுவலகம், கொள்முதலர் பயிற்சிக்குத் தனி நிறுவனம் என்பன அவற்றுள் அடங்கும். முன்னது 1974-இலும் பின்னது 1976-இலும் அமைந்தன. இதற்கிடையே 1971-இல், பாதுகாப்புத் துறைத் துணையமைச்சர் டேவிட் பாக்கர்டின் முயற்சியால், வர்ஜீனியா மாநிலத்துப் ஃபோர்ட் பெல்வாரில் திட்ட மேலாளர்க்கான பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. 1984-இல் ஒருங்கிணைந்த கொள்முதல் விதித்தொகுதி நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே ஒப்பந்தப் போட்டிச் சட்டம் புள்ளி முறைக்கும் போட்டி முன்மொழிவு முறைக்கும் சம இடம் அளித்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகள் விலக்கெனக் கருதப்பட்ட தேர்வாராய்ச்சி, விதியின் தகுதியைப் பெற்றது.

ஆனால் தேர்வோர் நிலை உயரவில்லை. அதே பாக்கர்டின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1986-இல் அளித்த அறிக்கை, கொள்முதற் பணியாளர் போதிய பயிற்சியும் ஊதியமும் அனுபவமும் இன்றி இருப்பதை எடுத்துக் கூறியது. 1988-இல் வெளிப்பட்ட பெரிய இலஞ்ச வழக்கில், போட்டியாளரின் மறைபொருளான செய்திகள் விற்கப்பட்டமை தெரியவந்தது. கடற்படையின் முன்னாள் உதவியமைச்சர் ஒருவரே 1991-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இவற்றின் பயனாக 1990 நவம்பரில் பாதுகாப்புக் கொள்முதற் பணியாளர் மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது.

இச்சட்டம் கொள்முதலைத் தொழிலாக அறிந்தேற்றது. ஒப்பந்த அலுவலர் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும், அல்லது கணக்கியல், சட்டம், பொருளியல் முதலிய துறைகளில் 24 பருவமணி நேரம் கற்றிருத்தல் வேண்டும் என அது முதலில் விதித்தது. பத்தாண்டிற்குப் பின்னர் இவ்விரண்டும் வேண்டும் எனத் திருத்தப்பட்டது. பயிற்சி, பணிக்காலம், சான்று ஆகியவற்றிற்குப் படிநிலைகள் அமைந்தன. இதன்படி ஏற்பட்ட பாதுகாப்புக் கொள்முதல் பல்கலைக்கழகம் 1992 ஆகஸ்டில், முன்பே இருந்த பள்ளிகளின் கூட்டாகச் செயற்படத் தொடங்கியது.

வழங்குநர் தேர்வில் அலுவலர்க்குக் கற்பிக்கப்படுவன யாவை எனின், சுருங்கக் கூறலாம். எவ்வெப் பண்புகளை எந்த முதன்மை வரிசையில் மதிப்பிடுவோம் என்பதைப் புள்ளி கோரும்போதே அறிவித்தல்; அறிவித்த அளவுகோலையன்றி வேறொன்றால் அளவாமை; நுட்ப மதிப்பீட்டாளர் பெரும்பாலும் விலையைக் காணாது குறைநிறைகளை எழுதுதல்; முன்னை ஒப்பந்தங்களில் வழங்குநர் நடந்துகொண்ட வகையை ஆராய்தல்; ஒருவரிடம் குறை சுட்டினால் மற்றவரிடமும் அவரவர் குறையைச் சுட்டுதல்; மிகுவிலைக்கு ஏற்ற மிகுபயன் உண்டா எனத் துணிந்து காரணம் எழுதுதல்; தோற்றவர்க்குத் தோல்வியின் காரணத்தை எடுத்துரைத்தல் என்பன அவை. படித்த அளவில் எளியனவாகத் தோன்றும் இவை, பல திங்கள் நீளும் மதிப்பீட்டில் எத்துணை அரியவாகும் என்பதைப் பின்வரும் வழக்கு காட்டும்.

8. எரிபொருள் வானூர்தி வழக்கு

வானில் பறக்கும் வானூர்திகளுக்கு எரிபொருள் ஊட்டும் பெரிய வானூர்திகளை வாங்க அமெரிக்க வான்படை முயன்றது. முதலிற் குத்தகையாகப் பெறக் கருதியபோது, அப்பேச்சை நடத்திய மூத்த அலுவலரான டார்லீன் டிரூயன், அதே காலத்தில் எதிர்த்தரப்பாகிய போயிங் நிறுவனத்தில் வேலைக்குப் பேசியமை வெளிப்பட்டது. 2004-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒன்பது திங்கள் சிறைத்தண்டனை பெற்றார். அவர் பயிற்சியற்றவர் அல்லர். துறையில் தேர்ந்தவர் எனப் பெயர்பெற்றவர். பயிற்சி அறிவைத் தரும், நேர்மையைத் தாராது.

குத்தகை கைவிடப்பட்டுப் போட்டி நடந்தது. 2008 பிப்ரவரியில் நார்த்ராப் கிரம்மன் நிறுவனமும் ஐரோப்பிய நிறுவனமும் சேர்ந்த கூட்டு தேர்ந்தெடுக்கப்பட்டது. மதிப்பு ஏறத்தாழ 3500 கோடி டாலர். போயிங் முறையிட்டது. அரசுப் பொறுப்பாய்வு அலுவலகம் அவ்வாண்டு சூன் 18-இல் முறையீட்டை ஏற்றது. அறிவித்த முதன்மை வரிசைப்படி மதிப்பிடவில்லை. குறித்த இலக்கை மிஞ்சியதற்கு மதிப்புத் தரப்படாது எனக் கூறியிருந்தும் தரப்பட்டது. பேச்சு இருவரிடமும் ஒப்ப நிகழவில்லை என்பன அதன் முடிபுகளுட் சில. இங்கு இலஞ்சம் பெற்றார் எவரும் இலர். எழுதிய அளவுகோலும் அளந்த அளவுகோலும் வேறாயின என்பதே குற்றம். மீண்டும் போட்டி நடந்து 2011 பிப்ரவரியில் போயிங் ஒப்பந்தம் பெற்றது. முதல் முயற்சி தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்தது. அதுவரை முதிர்ந்த வானூர்திகளையே வீரர் ஓட்டினர்.

இதன் பின்னணியில் மற்றொரு செய்தியும் உண்டு. 1990-க்குப் பின் வந்த பத்தாண்டில், பனிப்போர் முடிந்ததென்று, பாதுகாப்புக் கொள்முதற் பணியாளர் தொகை ஏறத்தாழச் செம்பாதியாகக் குறைக்கப்பட்டது. பல்கலைக்கழகம் நிறுவிய கையோடு பயின்றோர் தொகை குறைந்தது. ஈராக்குப் போர்க்காலத்து ஒப்பந்தக் கேடுகளை ஆராய்ந்த கான்ஸ்லர் குழு 2007-இல் இக்குறையையே சுட்டியது. 2008-இல் பணியாளர் மேம்பாட்டிற்கெனத் தனி நிதி அமைந்தது. 2011 மார்ச்சில் பாதுகாப்புத் துறை முழுமைக்கும் பொதுவான வழங்குநர் தேர்வு நடைமுறை வெளியிடப்பட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, பயிற்சி நிறுவனங்களுள் பெரும்பாலன முன்னறிவினால் தோன்றவில்லை. கேடு நிகழ்ந்தபின் தோன்றின. கல்லூரி உலகப் போரின் குழப்பத்திற்குப் பின்னும், பணியாளர் சட்டம் இலஞ்ச வழக்கிற்குப் பின்னும், மேம்பாட்டு நிதி ஈராக்குப் போரின் கேட்டிற்குப் பின்னும் வந்தமை காண்க. கேட்டின் விலையைச் செலுத்தியவர் வரி கொடுத்த மக்களும் களத்தில் நின்ற வீரருமாவர்.

இரண்டாவது, விதி மட்டும் தேர்வைச் செம்மையாக்காது. 1777-இல் நல்ல விதி நடத்துவாரின்றி வீழ்ந்தது. 1908-இல் கடுமையான விதியினிடையே அறிவுடையோர் வழிகண்டனர். மூன்றாவது, பயிற்சி மட்டும் போதாது என்பது. தேர்ச்சி பெற்றவர் ஒருவர் தம் நலம் கருதி நெறி பிறழ்ந்தார். நெறி பிறழாத பலர் சேர்ந்து அளவுகோலை மாற்றிவிட்டனர். முன்னதைச் சட்டம் தண்டித்தது. பின்னதை வெளியார் ஆய்வு திருத்தியது. எனவே விதி, பயிற்சி, எழுதிய காரணம், அதனைப் பிறர் ஆராயும் உரிமை ஆகிய நான்கும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் மற்றவை அதனை ஈடுசெய்யா.

‘இவனிடம் ஏன் வாங்கினாய்?’ என்னும் வினா எங்கும் அரசை நோக்கி எழுவதே. அவ்வினாவிற்கு நேர்மையோடு விடை கூறத் தெரிந்தவரை உருவாக்குதலும், அவரைப் பணியில் நிலைபெறச் செய்தலும் கொள்முதற் செலவினும் மிகச் சிறிய செலவே. அச்சிறு செலவை மறுத்த காலமெல்லாம் பெருஞ்செலவு நேர்ந்தது என்பதே அமெரிக்க வரலாறு தரும் சான்றாகும்.